விரதத் தலையிடி

கோயிலில் என்னைக் காணும் பெண்கள் இப்போதெல்லாம் முதலில் என் நெஞ்சைப் பார்க்கிறார்கள், பிறகுதான் முகத்தைப் பார்க்கிறார்கள். என் வருத்தத்தைப் பற்றி, கனடாவில் நாங்கள் இருக்கும் ஸ்காபரோவில், மூன்று கதைகள் உலாவுகின்றன. இமயமலையில் ஏறும்போது எனக்கு மாரடைப்பு வந்ததாம். இல்லை, விமானச் சாப்பாடு நஞ்சாகிவிட்டதாம். இல்லவே இல்லை, புத்த கோயில் வாசலை மிதித்ததற்கு முருகன் தண்டனை கொடுத்தாராம். இந்த மூன்றாவதைச் சொன்னவ என் நெருங்கிய சிநேகிதி, ஆகவே பெயர் சொல்லவில்லை. மூன்றும் பிழை. நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். முக்கியமாக, பயணம் போகிற இடத்திலும் விரதத்தை விடமாட்டேன் என்று நிற்கிற என்னைப் போன்ற பிடிவாதக்காரிகள் இதை வாசிக்க வேண்டும்.

நேபாளத்திலிருந்து திரும்பிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. மலைப்புழுதி ஏறிய காற்சட்டைகளையும் தடித்த காலுறைகளையும் பேஸ்மென்டில் தோய்த்துக் காயவைத்து, கூடையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினேன். பாதிப் படியில் மூச்சு முட்டிவிட்டது. காற்றை உள்ளே இழுத்தால் வலது விலாவுக்குள் ஊசி குத்தியது. கையிலிருந்த கூடை நழுவிக் கீழே உருண்ட சத்தத்தில் என் கணவர் ஓடிவந்தார்.

இவர் பிறம்ரனில் ஒரு பொருட்களஞ்சியத்துக்குக் காலமெல்லாம் லொறி ஓடி ஓய்வுபெற்றவர். பேச்சு குறைவு. பார்வை கூர்மை.

"என்னப்பா, என்ன செய்யுது?"

"ஒண்டுமில்லை. சளி, தடிமன் பிடிச்சிட்டுது போலை."

"தடிமனுக்கு உதடு நீலமாப் போகுமே? ஜக்கெற்றைப் போடும்."

நான் ஜக்கெற்றைப் போடவில்லை. சமையலறைக்குப் போய் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்தேன். மூச்சு வராவிட்டாலும் அடுப்பைப் பார்க்காமல் வெளியே போய்ப் பழக்கமில்லை. இவர்தான் ஜக்கெற்றை என் தோளில் போட்டுக் காருக்குக் கூட்டிப்போனார். போகிற வழியில் மகள் தர்சினிக்குப் போன் அடித்தார். அவள் எங்கள் ஒரே பிள்ளை, கணவனோடு ஸ்ரௌவ்விலில் இருக்கிறாள். நாங்கள் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனபோது எங்களுக்கு முன்பே அங்கே நின்றாள். எந்த வேகத்தில் கார் ஓட்டினாள் என்று இன்றுவரை கேட்கவில்லை.

எமர்ஜென்சியில் நேர்ஸ் என் விரலில் ஒரு சின்னக் கிளிப்பை மாட்டினார். இரத்தத்தில் எவ்வளவு ஒட்சிசன் இருக்கிறது என்று அது காட்டும். இலக்கத்தைப் பார்த்தவர் விரலை மாற்றி மாட்டி மறுபடியும் பார்த்தார். அடுத்த நிமிடம் உள்ளே கூட்டிப்போய்விட்டார்கள். இந்த நாட்டில் எமர்ஜென்சிக்குப் போனால் கதிரையிலேயே ஒரு பொழுது கழியும் என்பது எல்லோருக்கும் தெரியும். உடனே கூப்பிட்டால்தான் பயப்பட வேண்டும். எனக்குப் பயம் பிடித்தது அந்த இடத்தில்தான்.

இரத்தம் எடுத்தார்கள். உடம்புக்குள் எங்கேயாவது இரத்தம் கட்டிபட்டுக் கரைந்துகொண்டிருக்கிறதா என்று காட்டும் ஒரு பரிசோதனை அதில் இருந்தது. அது ஓம், இருக்கிறது என்று சொன்னதும் ஸ்கான் எடுக்கக் கொண்டுபோனார்கள். கையில் ஒரு மருந்தை ஏற்றுவார்கள், அது ஓடும் இடமெல்லாம் படத்தில் வெள்ளையாகத் தெரியும். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடாகும், படுக்கையிலேயே சலம் போய்விட்டதோ என்று நினைப்பீர்கள். போகவில்லை, வெட்கப்பட வேண்டாம். எனக்கு இதை முன்பே ஒருவரும் சொல்லாததால் நான் அங்கே பட்ட பாடு பெரும் பாடு.

நுரையீரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் கட்டி அடைத்திருக்கிறது என்றார் டொக்டர். பல்மனரி எம்பொலிசம் என்று பெயர். இரத்தம் முதலில் காலில் உறைகிறது. அந்தக் கட்டியில் ஒரு துண்டு கழன்று மேலே போய், இதயத்தைக் கடந்து, நுரையீரலில் சிக்கிக்கொள்கிறது. பெரிய துண்டாக இருந்தால் ஆள் அந்த இடத்திலேயே முடிந்தது. என் வலது கெண்டைக்காலை அமத்திப் பார்த்தார், நான் கத்திவிட்டேன். விமானத்திலேயே அந்தக் கால் வலித்தது. மலை ஏறின கால் வலிக்காமல் என்ன செய்யும் என்று எண்ணெய் பூசிவிட்டிருந்தேன்.

வயிற்றில் ஊசி போட்டார்கள். புதிய கட்டி வராமல் தடுக்கும் மருந்து, பழையதை உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துக்கொள்ளும். வார்ட்டில் கட்டில் இல்லை என்பதால் என்னை நடைபாதையில் சுவரோரமாகக் கிடத்தினார்கள். தர்சினி என் கால்மாட்டில் நின்று, போர்வையைச் சரிசெய்வதும் திரும்பச் சரிசெய்வதுமாக இருந்தாள்.

"நான்தான் அம்மா உங்களைக் கொண்டுபோனனான்," என்றாள். "சிக்ஸ்ற்றி ஆகப்போற ஆளை அவ்வளவு உயரத்துக்கு... வட் வோஸ் ஐ திங்கிங்? நான்தான் உங்களைக் கொல்லப் பாத்தனான்."

"விசர்க்கதை கதையாதை பிள்ளை," என்றேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்று இருந்தது. அதைச் சொல்லவில்லை.

அது என்ன என்று சொல்வதற்கு மலைக்குப் போக வேண்டும்.

தர்சினிக்குக் கல்யாணமாகி இரண்டு முறை கரு தங்காமல் கலைந்துபோனது. இரண்டாவதுக்குப் பிறகு அவள் கோயிலுக்கு வருவதை நிறுத்தினாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். "என்ன பிள்ளை, ஒண்டும் விசேசமில்லையோ?" என்று கேட்காத ஒரு அன்ரி அங்கே இல்லை. நகரத்தில் ஒரு மாடிக்கட்டடத்தில் புத்த தியானம் சொல்லிக்கொடுக்கும் இடம் ஒன்றுக்குப் போகத் தொடங்கினாள். இங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் ஊருக்குப் புத்தர் சண்டைக்காலத்தில் ஆமிக் காம்போடு வந்தவர். சென்றிப் பொயின்ற் காவலரண் மூலையில் வெள்ளரச மரத்துக்குக் கீழே அவரை வைத்துவிட்டுத்தான் எங்கள் அடையாள அட்டையைக் கேட்பார்கள். அந்த முகத்தில் சாந்தம் இருப்பதாக உலகம் முழுதும் சொல்கிறது. எனக்கு அதைப் பார்த்தால் கை தானாகவே அடையாள அட்டையைத் தேடும். கனடாவில் பிறந்த பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்? "ஏன் பிள்ளை, உலகத்திலை வேறை சமயமே கிடைக்கேல்லையோ?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு, ஒரு மாதம் அவளுடைய போனுக்குக் காத்திருந்தேன்.

அவள் என்னிடம் இன்னொன்றும் சொல்லியிருந்தாள். "எனக்காக இனி விரதம் பிடிக்க வேண்டாம், நேத்தி வைக்க வேண்டாம். நீங்கள் பட்டினி கிடக்கிற ஒவ்வொரு முறையும் நான் ஃபெயில் பண்ணின மாதிரி இருக்கு." சரி என்று சத்தியம் செய்துகொடுத்தேன். பிறகும் வருடாவருடம் முருகனுக்கான ஆறு நாள் கந்தசட்டி விரதத்தை அவளுக்குத் தெரியாமல் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். தாய்மார் செய்யும் சத்தியத்தை முருகன் கணக்கில் எடுக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

அப்படியிருக்க, ஒருநாள் அவளே வந்து, "அம்மா, நேபாளத்துக்கு நடக்கப் போறன், நீங்களும் வாறீங்களே?" என்று கேட்டாள். கேட்டது இமயமலை என்பதால் நான் ஓம் என்று சொல்லவில்லை. கேட்டது என் பிள்ளை என்பதால் சொன்னேன். இவருடன் சேர்ந்து ஷொப்பிங் மோலுக்குள் சுற்றிச் சுற்றி நடந்து பயிற்சி எடுத்தேன். அவள் டிக்கெற் போட்டது வானிலை பார்த்து. நான் பஞ்சாங்கம் பார்த்தேன். நடை தொடங்கும் நாளிலேயே கந்தசட்டியும் தொடங்குகிறது. வாயைத் திறக்கவில்லை.

இரவில் கொஞ்சம் பாலும் ஒரு பழமும், பகலில் நாக்கை நனைக்க மட்டும் தண்ணீர். நான் வீட்டில் பிடிக்கும் விரதம் அது. மலையிலும் அதையே பிடித்தேன். தங்குமிடங்களில் தர்சினி பருப்பும் சோறும் வாங்கித் தந்தால், எனக்குப் பசியில்லை என்று அவளுடைய சாப்பாட்டுக் கோப்பைக்கே தள்ளிவிட்டேன். காலையில் அவள் நிரப்பித் தரும் தண்ணீர்ப் போத்தலைப் பாறைக்குப் பின்னால் ஊற்றினேன். உண்மையைச் சொன்னால், விரதம் மட்டும் காரணம் இல்லை. கழிப்பறை வெளியே, பனிக்குளிரில். தண்ணீர் குடிக்காவிட்டால் போகத் தேவையில்லை. என் வயதுப் பெண்களுக்கு இது விளங்கும்.

மூன்றாம் நாள் தலையிடி தொடங்கியது. விரதம் பிடிக்கிறவர்களுக்கு அந்தத் தலையிடியைத் தெரியும். மூன்றாம் நாள் வரும், நெற்றியைச் சுற்றித் துணி கட்டியதுபோல இறுக்கும், அதைத் தாங்குவதில்தான் விரதத்தின் பெருமையே இருக்கிறது. வழிகாட்டியாக வந்த பசாங் என்ற பெடியன் ஒவ்வொரு மாலையும் என் முகத்தைப் பார்த்து, "தலைவலியா?" என்று ஆங்கிலத்தில் கேட்பான். உயரத்தில் காற்று மெலிவு. உடம்பு அதற்குப் பழகமுன் மேலே போனால் முதலில் தலைவலிக்கும், பிறகு வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும், அதையும் மீறி ஏறினால் உயிருக்கு ஆபத்து. அதனால்தான் கேட்கிறான். நான் சிரித்துக்கொண்டு இல்லை என்பேன். பொய் சொல்வதாகவே எனக்குத் தோன்றவில்லை. அவன் கேட்பது மலைத் தலையிடியை, என்னிடம் இருப்பது விரதத் தலையிடி. இரண்டும் வேறு என்று முழுமனதாக நம்பினேன்.

பெண் துறவிகள் இருக்கும் ஒரு மடத்தின் முற்றத்தில்தான் எனக்கு ஏலாமல் போனது. தர்சினி அதைப் பார்க்கவில்லை. அவள் எங்களுக்கு முன்னே நடந்து, கோயிலுக்குள் போய்விட்டிருந்தாள். நான் சத்தி எடுத்துவிட்டு ஒரு கல்லில் குந்தினேன். வயிற்றில் ஒன்றுமில்லாததால் வெறும் பித்தம். ஒரு துறவி ஓடிவந்தா. தர்சினியைவிட இளையவ. மொட்டைத்தலை, சிவப்பு உடுப்பு, அதற்குமேல் குளிர்ச்சட்டை, கையில் போன். உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீரைக் கொண்டுவந்து நீட்டினா. நான் தலையாட்டி மறுத்தேன். பசாங் கெஞ்சினான். வேறு வழியில்லாமல் அவனிடம் உண்மையைச் சொன்னேன். மகளுக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்று விரதம், மகளுக்குத் தெரியக் கூடாது.

மகளிடம் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அவன் அதைத் துறவிக்குச் சொன்னான். அவ சிரிக்கவில்லை, ஏசவுமில்லை. தங்களுக்கும் விரதம் உண்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தொடாமல் பேசாமல் இருப்போம் என்றா. ஆனால் வருத்தக்காரர் விரதம் இருக்கக் கூடாது. ஆகவே, "உங்கள் மிச்ச விரதத்தை நான் இருக்கிறேன், நீங்கள் இதைக் குடியுங்கள்." பசாங் அதை மொழிபெயர்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. முருகன் புத்த பிக்குணியிடம் விரதம் வாங்குவாரா என்று ஒரு கேள்வியும் கூடவே வந்தது. குடித்தேன். அந்த நேரம் அதைப்போல ருசி எதிலும் கண்டதில்லை.

எழும்பித் தர்சினியைத் தேடிப் போனேன். கோயிலுக்குள் கால் வைக்க மனம் வரவில்லை, வாசலிலேயே நின்றேன். உள்ளே பெரிய புத்தர் இருந்தார். அவருக்கு முன்னால் சிறிய வெண்ணெய் விளக்குகள் வரிசையாக எரிந்தன. இறந்தவர்களுக்கு அங்கே விளக்கு ஏற்றுவார்கள், பெயரோ முறையோ யாரும் கேட்பதில்லை என்று பசாங் சொன்னான். தர்சினி முழங்காலில் இருந்து ஏற்றிக்கொண்டிருந்தாள். ஒன்று. இரண்டு. மூன்று.

மூன்றா? எனக்குத் தெரிந்து இரண்டுதானே.

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பிள்ளை ஒன்றை எனக்குச் சொல்லாமலே தனியாக இழந்திருக்கிறாள். போய்க் கட்டிப்பிடித்துக் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. அவள் வெளியே வந்து என் கோலத்தைப் பார்த்துப் பதறினாள். பசாங் அன்றே என்னைக் குதிரையில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தான். இறங்க இறங்கத் தலையிடி குறைந்தது. விரதத் தலையிடி இறங்கினால் குறையாது என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. பசாங் எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினான். தர்சினியைப் பொறுத்தவரை, மலை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இப்போது மறுபடி ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

அடுத்த நாள் வார்ட்டில் கட்டில் கிடைத்தது. இவர் காலையில் பிளாஸ்கில் ரசத்தோடு வருவார். ஆஸ்பத்திரியில் கார் நிறுத்தக் கேட்கும் காசைப் பார்த்துக் கோபம் வந்து, எங்கேயோ தூரத் தெருவில் நிறுத்திவிட்டுக் குளிருக்குள் நடந்து வருவார். மூக்குச் சிவந்திருக்கும். "பக்கத்திலைதான் நிப்பாட்டினனான்," என்பார். என் தலையை வாரிப் பின்னிவிடுவார். அவருக்குப் பின்னத் தெரியாது, அது கயிறு முறுக்கிய மாதிரி வரும். நேர்ஸ்மார் பார்த்துச் சிரித்தார்கள். நான் அதை அவிழ்க்கவில்லை. மருமகன் வேலை முடிந்து வந்து, என் போனுக்குச் சார்ஜ் போட்டுவிட்டுப் போவான். தர்சினி வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கதிரையிலேயே இருந்தாள். சாப்பிடவில்லை. கேட்டால், "பசியில்லை" என்றாள். எனக்குத் தெரிந்த பொய்தான், நான் மலையில் சொன்ன அதே பொய்.

வார்ட் டொக்டர் வந்து ஒன்றைச் சொன்னார். கட்டிக்குத் தெளிவான காரணம் தெரிந்தால், இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசையைச் சில மாதம் போட்டால் போதும். காரணம் தெரியாவிட்டால் சீவியகாலம் முழுக்கப் போட வேண்டி வரலாம். நீண்ட விமானப் பயணம் ஒரு காரணம்தான், ஆனால் கட்டிகள் நுரையீரலின் இரண்டு பக்கமும் இருப்பதால் வேறு ஏதும் உண்டா என்று பார்க்க வேண்டும், சிலவேளை எங்கோ ஒளிந்திருக்கும் கான்சரும் இரத்தத்தை இப்படி உறைய வைக்கும். அந்தச் சொல்லைக் கேட்டதும் இவர் பிளாஸ்கின் மூடியைத் திருகுவதை நிறுத்தினார். தர்சினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் மருந்துக் கொம்பனி ஒன்றில் பல வருடம் குளிசைப் பெட்டி அடைத்தவள். சின்ன எழுத்தில் என்ன இருக்கும் என்று தெரியும். தண்ணீர் குறைந்தால் இரத்தம் தடிக்கும், உயரத்தில் இன்னும் தடிக்கும். டொக்டர் தேடும் காரணத்தில் பெரும்பங்கு என் வாய்க்குள் இருக்கிறது. அதைச் சொன்னால் என் பிள்ளை தன்னைக் கொலைகாரி என்று நினைப்பது நிற்கும். ஆனால் சத்தியத்தை மீறியதும் தெரிந்துவிடும். திரும்ப ஒரு மாதம் போன் வராமல் போகலாம். ஒரு வருடமும் வராமல் போகலாம். அந்த இரவு முழுக்க இதைத்தான் யோசித்தேன், கான்சரை இல்லை.

அடுத்த நாள் இரத்த வியாதிகளுக்கான டொக்டர் வந்தா. என்னைப்போலக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பிறகு அதைத் தேடுகிற பெண். அவ ஆங்கிலத்தில் கேட்பதைத் தர்சினி தமிழில் சொல்வாள். எனக்கும் ஆங்கிலம் விளங்கும், ஆனால் ஆஸ்பத்திரியில் மகள் சொல்லக் கேட்பது ஒரு ஆறுதல்.

மலையில் எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்பது முதல் கேள்வி. தர்சினி என்னைக் கேட்காமலே பதில் சொன்னாள். நிறையக் குடித்தா, ஒவ்வொரு காலையும் நானே போத்தலை நிரப்பிக் கொடுத்தேன் என்று.

"நான் அதைக் குடிக்கேல்லைப் பிள்ளை," என்றேன். "ஊத்தினனான். சாப்பிடவுமில்லை. சட்டி விரதம்."

அவள் டொக்டரை மறந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "எதுக்கு?"

"உனக்குத்தான்."

"நீங்கள் ப்ரொமிஸ் பண்ணினீங்கள்."

"ஓம். பண்ணினனான். பொய் சொன்னனான். நீ என்னைக் கொண்டுபோய்க் கொல்லப் பாக்கேல்லை. நான்தான் மூண்டாம் நாள் வந்த தலையிடியை விரதத் தலையிடி எண்டு சொல்லிக்கொண்டு ஏறினனான். அவன் பசாங் கேட்டவன். இல்லையெண்டனான்."

அவளுடைய முகத்தில் கோபம் வந்தது, நிம்மதி வந்தது, இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன. டொக்டர் என்ன என்று கேட்டா. தர்சினி மொழிபெயர்த்தாள். டொக்டர் தலையாட்டினா. பட்டினி, தண்ணீர் இல்லை, உயரம், பிறகு நீண்ட நேரம் விமானத்தில் மடக்கிய கால். போதுமான காரணம்தான் என்றா. இவர் பெரிய மூச்சு விட்டார். டொக்டர் பேனாவை மூடப்போய் நிறுத்தி, இன்னொன்று கேட்டா. இரத்தம் இலகுவாக உறையும் தன்மை சிலருக்குக் குடும்ப வழியில் வரும், ஆகவே இதைக் கேட்கிறேன், உங்கள் குடும்பத்தில் யாருக்காவது கரு கலைந்திருக்கிறதா, ஒன்றுக்கு மேற்பட்ட முறை?

எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. தர்சினி அதை மொழிபெயர்க்கவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள். "எனக்கு. மூன்று."

இவர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு மூன்று என்பது புதிது. டொக்டர் மெதுவாக, "அம்மாவுக்கு?" என்று கேட்டா. தர்சினி இல்லை என்று தலையாட்டத் தொடங்கினாள்.

"ரெண்டு," என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. "என்ன ரெண்டு?"

"எனக்கு ரெண்டு போனது பிள்ளை. ஊரிலை. உனக்கு முதல். டொக்டருக்குச் சொல்லு."

இவர்தான், வாழ்க்கையில் முதல்முறையாக, முந்திக்கொண்டு தன் லொறிக்கார ஆங்கிலத்தில் டொக்டருக்குச் சொன்னார். சொல்லிவிட்டுக் கையால் கண்ணைத் துடைத்தார்.

டொக்டர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து விளக்கினா. எல்லோருடைய இரத்தத்திலும் கட்டிபடாமல் காக்கும் சில புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று பிறப்பிலேயே குறைவாக இருந்தால், ஏதாவது சிக்கல் வரும்போது இரத்தம் சட்டென்று உறையும். கர்ப்பத்தில் நஞ்சுக்கொடியிலும் உறைந்து கரு கலையலாம். அப்படித்தான் என்று இப்போது சொல்ல முடியாது, எனக்குப் போடும் மருந்து உடம்பில் இருக்கும்வரை அந்தப் பரிசோதனை சரியாக வராது, சில மாதம் கழித்துத்தான் பார்க்கலாம். மகளும் விரும்பினால் பார்க்கலாம். விரும்பினால் என்ற சொல்லை அவ இரண்டு முறை சொன்னா.

டொக்டர் போனபின் தர்சினி வெளியே போனாள். போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். மூன்று கப் ரீயோடு திரும்பி வந்தாள். கட்டிலில் என் பக்கத்தில் ஏறி இருந்தாள்.

"ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?"

"உனக்கெண்டில்லை. எங்கடை ஆக்கள் இதுகளை ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை."

அது உண்மை. செத்தவர்களுக்கு எட்டுச்செலவு, அந்தியேட்டி, திவசம் என்று எல்லாம் செய்கிற சனம் நாங்கள். இதற்கு மட்டும் ஒன்றும் இல்லை. பேரில்லை, நாளில்லை, அழுதால் சத்தமில்லாமல் அழ வேண்டும். அவள் கேட்கக் கேட்கச் சொன்னேன். முதலாவது, ஷெல் விழுந்த அன்று பங்கர்க் குழிக்குள் குதித்தபிறகு. இரண்டாவது, இடம்பெயரும்போது சைக்கிள் உழக்கினபிறகு. "வயித்திலை பிள்ளையோடை சைக்கிள் ஓடுவாளே ஒருத்தி?" என்று ஒரு மாமி கேட்டா. அந்த மாமி செத்தும் போய்விட்டா. அவவின் கேள்வி என்னோடு கனடாவுக்கு வந்தது.

தர்சினி என் முறுக்குப் பின்னலை அவிழ்த்துத் திரும்பப் பின்னினாள். "நீங்கள் இனி எனக்காகப் பட்டினி கிடந்தால் நான் போலீசுக்குப் போன் பண்ணுவன்," என்றாள். சரி என்றேன். இந்த முறை மெய்யாகவே சொன்னேன்.

வயிற்று ஸ்கானில் கான்சர் இல்லை. குளிசையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். நேரம் தவறாமல் போட வேண்டும், பல்லு நோவுக்கு நாமாகவே நோவுக் குளிசை வாங்கிப் போடக் கூடாது, தலை அடிபட்டால் உடனே ஓட வேண்டும். தண்ணீரை இவர் அளந்து தருகிறார், போலீஸ்காரன் தோற்றுப்போவான். சில மாதம் கழித்து டொக்டர் குளிசையைக் கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்லி இரத்தம் எடுத்தா. அந்தப் புரதம் எனக்குக் குறைவு, பிறப்பிலேயே. சீவியகாலம் முழுக்கக் குளிசை என்றா. பரவாயில்லை, அடைத்த பெட்டிகளுக்கு ஒரு பிரயோசனம்.

தர்சினியிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை என்ற சொல்லை அவளைக் கூப்பிட மட்டும் பயன்படுத்தினேன். அந்த வாயைக் கட்டினதோடு ஒப்பிட்டால் சட்டி விரதம் ஒன்றுமே இல்லை.

போன கிழமை மத்தியானம் வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவள் காருக்குள் இருந்து பேசுகிறாள் என்று சத்தத்தில் தெரிந்தது.

"அம்மா, நான் உங்களுக்குச் சொல்லாமல் ரெஸ்ற் செய்தனான். எனக்கும் இருக்கு."

பிள்ளைக்கு வருத்தம் இருக்கிறது என்று கேட்டுச் சந்தோசப்பட்ட தாய் நானாகத்தான் இருப்பேன். வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் வேகவேகமாகச் சொன்னாள். மூன்றுக்கும் இதுதான் காரணம் என்று நிச்சயமாகச் சொல்ல ஏலாதாம், ஆனால் பெரும்பாலும் இருக்கலாமாம். இனி ஒரு முறை பிள்ளைக்குப் பார்க்கிறதென்றால் இரத்தம் உறையாமல் தடுக்க ஊசி இருக்கிறதாம். பார்க்கிறதோ இல்லையோ என்று இன்னும் முடிவெடுக்கவில்லையாம், அதை யாரும் கேட்கவும் வேண்டாமாம்.

"கேக்க மாட்டன்," என்றேன்.

பிறகும் அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை, கத்தியைத்தான் கீழே வைத்தேன்.

"நான் முதல் முறை ஜிம்முக்குப் போனனான்," என்றாள். "மற்றமுறை ஒஃபிசிலை லேற்றா நிண்டு வேலை செய்தனான். கடைசி முறை கோபத்திலை என்ரை அவரோடை சண்டை பிடிச்சனான். எல்லாம் அதாலைதான் எண்டு... அம்மா, நான் ஒண்டும் பிழை செய்யேல்லை, என்ன?"

"இல்லைப் பிள்ளை," என்றேன். "நீ ஒரு பிழையும் செய்யேல்லை." அதற்குப் பிறகு வந்ததை நான் யோசித்துச் சொல்லவில்லை.

"நானும் செய்யேல்லை."